வீட்டு சிஎன்சியில் ஸ்டெப்பர் மோட்டார்: தவறிய ஸ்டெப்பை அளவை வைத்துப் பிடிப்பது

கணினி ஓட்டும் வெட்டு மெஷினான சிஎன்சியில் வேலை முடிந்து கருவி பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறது. தொடங்கிய புள்ளியில் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி நிற்கிறது. உடனே பெரும்பாலோர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவரில் கரண்ட்டை ஏற்றுவார்கள். அதிலும் சரியாகாவிட்டால் பெரிய மோட்டார் வாங்குவார்கள். எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து பார்ப்பவர்கள் குறைவு. பாதிக் காரணத்தை அந்த எண்ணே சொல்லிவிடும். டிரைவர், வயரிங், மெஷினை ஓட்டும் மென்பொருளான ஜிஆர்பிஎல்லின் செட்டிங் எல்லாவற்றையும் அந்த எண்ணிலிருந்துதான் அணுக வேண்டும்.

கணக்கு புரிய ஒரே மெஷினை எடுத்துக்கொள்வோம். மரம், எம்டிஎஃப், அக்ரிலிக் வெட்டும் மூன்று அச்சு ரூட்டர். 5 மிமீ லீட் உள்ள (ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகர்த்தும்) 1605 பால் ஸ்க்ரூ, நீமா 23 மோட்டார், டிஎம்542 வகை டிரைவர், 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ், ஆர்டுயினோ ஊனோவில் ஜிஆர்பிஎல் 1.1. வீட்டில் கட்டப்படும் ரூட்டர்களில் இது பழகிய கூட்டணி.

0.1 மிமீ மடங்கு என்றால்

ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும். ஒரு முழு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி சுற்றும் சாதாரண மோட்டாரின் ரோட்டரில், அதாவது சுற்றும் பகுதியில், 50 பற்கள் உண்டு. 360-ஐ 50-ஆல் வகுத்தால் 7.2 டிகிரி, அதாவது நான்கு முழு ஸ்டெப். காந்தப்புலம் முன்னே ஓடி, ரோட்டர் பின்தங்கிவிட்டால் அது பாதி வழியில் எங்கும் நிற்காது. அடுத்த பல்லில் போய்த்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே சுமை தாங்காமல் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டால், தவறுவது எப்போதும் நான்கு முழு ஸ்டெப்பின் மடங்காகவே இருக்கும். 5 மிமீ லீட்டில் 7.2 டிகிரி என்பது 0.1 மிமீ. 8 மிமீ லீட் உள்ள டி8 ஸ்க்ரூவில் 0.16 மிமீ. ஜிடி2 பெல்ட், 20 பல் புல்லி என்றால் 0.8 மிமீ.

எனவே பிழை 0.1, 0.3, 1.2 என்று மடங்காக வந்தால் மோட்டார் உண்மையாகவே தோற்றிருக்கிறது. வேகம், முடுக்கம், வோல்ட்டேஜ், கரண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 0.37 போல மடங்கில் அடங்காத எண் வந்தால் மோட்டாரை விட்டுவிட்டு, அதன் ஷாஃப்டை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கை முதலில் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வேலையிலும் ஒரே பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை வளர்ந்தால் அது சிக்னல் கோளாறு. கருவி பூஜ்ஜியத்துக்குச் சரியாகத் திரும்புகிறது, வெட்டிய துண்டின் அளவு மட்டும் தப்பு என்றால் ஒரு ஸ்டெப்பும் தவறவில்லை. அது பேக்லாஷ் (திசை மாறும்போது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள தளர்வு), கருவியின் வளைவு அல்லது ஸ்டெப்/மிமீ கணக்கின் பிழை.

அளக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: டயலை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து தொட வேண்டும். இல்லாவிட்டால் பேக்லாஷும் கலந்துவிடும், 0.1-ஆ 0.14-ஆ என்று சொல்ல முடியாது.

2.52 வோல்ட் மோட்டாருக்கு ஏன் 36 வோல்ட்

பரவலாகக் கிடைக்கும் 56 மிமீ நீள நீமா 23 ஒன்றின் அளவுகள்: 1.26 நியூட்டன் மீட்டர், 2.8 ஆம்ப், 0.9 ஓம், 2.5 மில்லிஹென்றி. 2.8-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 2.52 வோல்ட். இதைப் பார்த்துவிட்டு 12 வோல்ட் சப்ளையே தாராளம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 2.52 என்பது மோட்டார் அசையாமல் நிற்கும்போது காயிலில் 2.8 ஆம்ப் ஓடத் தேவைப்படும் வோல்ட்டேஜ். ஓடும்போது ஒவ்வொரு ஸ்டெப்பிலும் காயிலின் கரண்ட் ஏறி இறங்க வேண்டும். அதைத் தடுப்பது இண்டக்டன்ஸ், மில்லிஹென்றியில் சொல்லும் அந்த அளவு.

காயிலின் மின்தடையையும், மோட்டார் சுற்றும்போது தானே உண்டாக்கும் பின்வோல்ட்டேஜையும் விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், கரண்ட் ஏற ஆகும் நேரம் = மில்லிஹென்றி × ஆம்ப் ÷ வோல்ட். 2.5 × 2.8 = 7. 12 வோல்ட்டில் 0.58 மில்லிவினாடி, 24 வோல்ட்டில் 0.29, 36 வோல்ட்டில் 0.19. ரூட்டர் நிமிடத்துக்கு 3000 மிமீ போக வேண்டுமானால் ஸ்க்ரூ 600 சுற்று சுற்ற வேண்டும். வினாடிக்கு 10 சுற்று, 2000 முழு ஸ்டெப், ஒரு ஸ்டெப்புக்கு 0.5 மில்லிவினாடி. 12 வோல்ட்டில் கரண்ட் முழுதாக ஏறும் முன்பே ஸ்டெப் முடிந்துவிடுகிறது. மோட்டாரில் டார்க் எங்கிருந்து வரும்? டிரைவரில் கரண்ட்டை எவ்வளவு ஏற்றி வைத்தாலும் அந்த வேகத்தில் அது காயிலுக்குப் போய்ச் சேராது.

36 வோல்ட் கொடுத்தால் மோட்டார் எரிந்துவிடாதா என்ற பயம் வேண்டாம். டிரைவர் காயிலின் கரண்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். செட் செய்த அளவை எட்டியதும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடும். மோட்டாரைச் சுடவைப்பது கரண்ட். வோல்ட்டேஜ் வேகத்தைத்தான் தரும். மேல் எல்லைக்கு கெக்கோடிரைவ் நிறுவனம் பரப்பிய விதி ஒன்று உண்டு: 32 × √மில்லிஹென்றி. 2.5-க்கு ஏறத்தாழ 50 வோல்ட் வரும். டிஎம்542-இன் எல்லையும் 50 வோல்ட்தான், ஆனால் அந்த விளிம்பு வரை போகக் கூடாது. வேகமாக ஓடும் அச்சு நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி சப்ளையின் வோல்ட்டேஜை ஏற்றிவிடும். 36-இல் நின்றுகொள்வது நிம்மதி.

மோட்டார் வாங்கும்போது எல்லோரும் டார்க்கைப் பார்ப்பார்கள். இண்டக்டன்ஸைப் பாருங்கள். 8 மில்லிஹென்றி உள்ள 3 நியூட்டன் மீட்டர் மோட்டாரை 24 வோல்ட்டில் ஓட்டினால், வேகத்தில் சின்ன மோட்டாரிடம் தோற்கும். 1.26 நியூட்டன் மீட்டரே 5 மிமீ ஸ்க்ரூவில் நிற்கும்போது 1,400 நியூட்டனுக்கு அருகில் தள்ளும், அதாவது 140 கிலோவுக்கு மேல். மரம் வெட்டும் வீட்டு ரூட்டருக்கு இதற்கு மேல் வலு அநேகமாகத் தேவைப்படாது. மெஷினின் கட்டமைப்பு அதற்கு முன்பே வளைந்துவிடும்.

எட்டு வயர் மோட்டார் கிடைத்தால் காயில்களை இணையாக, அதாவது பேரலலில் போடுங்கள். தொடராகப் போட்டால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்கு. ஆறு வயர் மோட்டாரில் நடு வயரை விட்டுவிட்டு முனைகளை மட்டும் இணைத்தாலும் அதே கதைதான். நடு வயரையும் ஒரு முனையையும் இணைத்தால் பாதிக் காயில் வேலை செய்யும், வேகம் கிடைக்கும்.

சப்ளை, டிரைவர்

சப்ளையின் ஆம்பை மோட்டார் ஆம்ப்களின் கூட்டுத்தொகையாக எடுக்கத் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கு போதும். ஒய் அச்சில் இரண்டு மோட்டார் என்றால் மொத்தம் நான்கு: 4 × 2.8 × 2/3, சுமார் 7.5 ஆம்ப். 36 வோல்ட் 350 வாட் எஸ்எம்பிஎஸ் 9.7 ஆம்ப் தரும். அதன் பக்கவாட்டுத் துளைக்குள் ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், மெயின்ஸில் சொருகும் முன் அது 230 பக்கம் இருக்கிறதா பாருங்கள். 115-இல் வைத்து நம்மூர் மின்சாரம் கொடுத்தால் உள்ளே கெப்பாசிட்டர் வெடிக்கும். சப்ளையின் எர்த், மெஷின் பாடி, கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பாடி மூன்றும் ஒரே புள்ளியில் எர்த் ஆக வேண்டும்.

சின்ன சிவப்பு, ஊதா போர்டுகளான ஏ4988, டிஆர்வி8825 நீமா 17-க்கு நல்லவை. 2.8 ஆம்ப் மோட்டாருக்குப் போடக் கூடாது. ஏ4988-இல் கரண்ட்டை நிர்ணயிக்கும் வோல்ட்டேஜான விரெஃப் = ஆம்ப் × 8 × சென்ஸ் ரெசிஸ்டர். போர்டைப் பொறுத்து ரெசிஸ்டர் 0.05, 0.068 அல்லது 0.1 ஓம் ஆக இருக்கும். போர்டில் ஆர்050, ஆர்068, ஆர்100 என்று அச்சிட்டிருக்கும், அதைப் படிக்காமல் இணையத்தில் பார்த்த வோல்ட்டை அப்படியே செட் செய்தால் கரண்ட் இரண்டு மடங்காகிவிடலாம். 0.1 ஓம் போர்டில் 0.8 வோல்ட் என்றால் 1 ஆம்ப். ஒவ்வொரு டிரைவரின் மோட்டார் சப்ளைக் காலுக்குப் பக்கத்திலேயே 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று அவசியம். நீளமான வயரும் போர்டின் செராமிக் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து ஸ்விட்ச் போடும் கணத்தில் வோல்ட்டேஜைத் துள்ள வைக்கும், 35 வோல்ட் தாண்டினால் ஏ4988 போய்விடும்.

டிபி6600 என்று எழுதிய மலிவுப் பெட்டிகள் பலவற்றுக்குள் அந்தச் சிப்பே இருப்பதில்லை. மெதுவான வேலைக்கு ஓடும். ஆனால் நடுவேகத்தில், வினாடிக்கு 5 முதல் 15 சுற்றுக்குள், அதிர்ந்து ஸ்டெப் விடும் குணம் இவற்றில் அதிகம். டிஎம்542 போன்ற டிஜிட்டல் டிரைவர்கள் அந்த அதிர்வை அடக்கும். காசு எங்காவது கூடுதலாகப் போட வேண்டும் என்றால் மோட்டாரில் வேண்டாம், டிரைவரில் போடுங்கள்.

டிஎம்542-இல் கரண்ட் ஸ்விட்ச்கள் உச்ச அளவையும் ஆர்எம்எஸ் அளவையும் (ஒருவகைச் சராசரி) தனித்தனியே காட்டும். 2.84 உச்சம் என்பது 2.03 ஆர்எம்எஸ். 2.8 ஆம்ப் மோட்டாருக்கு 2.84-இல் தொடங்குங்கள். ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு மோட்டார் உடம்பு 70 டிகிரிக்குள் இருந்தால் அடுத்த படியான 3.31-க்குப் போகலாம். கை வைக்க முடியாத சூடு மோட்டாருக்குச் சகஜம். பிஎல்ஏ-வில் அச்சடித்த மோட்டார் தாங்கிக்குத்தான் அது ஆகாது, 60 டிகிரியில் இளகிவிடும். நான்காவது ஸ்விட்சை அரைக் கரண்ட்டில் வையுங்கள், சும்மா நிற்கும்போது மோட்டார் ஆறும்.

மைக்ரோஸ்டெப் ஆசை

டிரைவர் ஒரு முழு ஸ்டெப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பதுதான் மைக்ரோஸ்டெப். 32 வைத்தால் 8-ஐவிட நான்கு மடங்கு துல்லியம் என்று நம்புவது தவறு. ஒரு மைக்ரோஸ்டெப் நகரும்போது கிடைக்கும் டார்க், 8-இல் முழு டார்க்கின் 19.5 சதவீதம், 16-இல் 9.8, 32-இல் 4.9. 1.26-இல் 4.9 சதவீதம் 0.06 நியூட்டன் மீட்டர். பேரிங்கும் நட்டும் உராய்விலேயே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே கட்டளை போய்க்கொண்டே இருக்கும், ஷாஃப்ட் சில மைக்ரோஸ்டெப் கழித்துத்தான் அசையும். மைக்ரோஸ்டெப் வைப்பது அதிர்வும் சத்தமும் குறையத்தான்.

அதோடு ஊனோவில் ஜிஆர்பிஎல் வினாடிக்குச் சுமார் 30,000 பல்ஸ்தான் தரும். 8 மைக்ரோஸ்டெப்பில் 1600 பல்ஸ் ஒரு சுற்று, 1600 ÷ 5 = 320 பல்ஸ் ஒரு மிமீ. நிமிடத்துக்கு 3000 மிமீ என்றால் வினாடிக்கு 16,000 பல்ஸ், தாராளம். 32 வைத்தால் அதே வேகத்துக்கு 64,000 வேண்டும், ஊனோவால் முடியாது. 320 என்ற எண்ணை ஸ்கேல் வைத்து அளந்து 319.2 என்று திருத்தாதீர்கள். ஸ்க்ரூவின் லீட் மாறாது, அளப்பதில்தான் பிழை. பெல்ட் மெஷினில் கொஞ்சம் திருத்தலாம்.

வயரிங்கில் சிக்கும் இடங்கள்

வயர் நிறத்தை நம்ப வேண்டாம். இரண்டு வயர் முனைகளைச் சேர்த்துப் பிடித்து ஷாஃப்டைச் சுற்றுங்கள். கனமாகத் தட்டித் தட்டிச் சுற்றினால் அவை ஒரே காயில். ஜோடி மாறிப் போட்டால் மோட்டார் நடுங்கும், சுற்றாது. ஜோடி சரி, திசை மட்டும் எதிர் என்றால் ஒரு ஜோடியின் இரு முனைகளையும் மாற்றுங்கள். ஒய் அச்சின் இரண்டாவது மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டுவதும் இப்படித்தான். இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி டிரைவர், ஒரே சிக்னல். ஒரு டிஎம்542 உள்ளீடு சுமார் 10 மில்லிஆம்ப் இழுக்கும், ஊனோவின் ஒரு பின்னுக்கு இரண்டு டிரைவர் போதும், மூன்றாவதைச் சேர்க்காதீர்கள்.

சப்ளை ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்கவே கூடாது. காயிலின் கரண்ட் திடீரென அறுந்தால் எழும் வோல்ட்டேஜ் டிரைவரைக் கொன்றுவிடும். தளர்ந்த ஸ்க்ரூ டெர்மினலும் அதே வேலையைத்தான் செய்கிறது. வயர் நுனியில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்காதீர்கள், ஈயம் நாளடைவில் அமுங்கித் தளரும். பின் லக் போட்டு இறுக்குங்கள். அச்சோடு சேர்ந்து வளையும் வயர் சங்கிலியான டிராக் செயினுக்குள் சாதாரண வீட்டு வயரைப் போட்டால், மாதக்கணக்கில் வளைந்து வளைந்து உள்ளே இழை அறும், வெளியே தெரியாது. மேசையின் ஒரே இடத்தில் மட்டும் ஸ்டெப் தவறுகிறது என்றால் இதைச் சந்தேகப்படலாம்.

டிஎம்542-ஐ இயக்கவும் அணைக்கவும் உள்ள எனேபிள் கால்களை எதிலும் இணைக்காமல் விட்டால் டிரைவர் ஓடும் நிலையில் இருக்கும், அதுவே நல்லது. சின்ன டிரைவர் போர்டுகளில் ஜிஆர்பிஎல் எனேபிளை அணைத்துவிடும். $1=25 என்ற இயல்பு செட்டிங்கில், நின்று 25 மில்லிவினாடியில் மோட்டார் தளர்ந்துவிடும். தளர்ந்த ரோட்டர் பக்கத்து முழு ஸ்டெப்புக்குச் சரியும், இரண்டு வேலைகளுக்கு நடுவே பூஜ்ஜியம் நகரும். $1=255 வைத்தால் எப்போதும் பிடித்தே இருக்கும்.

திசை சிக்னலின் 5 மைக்ரோவினாடி

மிகவும் அலைக்கழிக்கும் கோளாறு இதுதான். டிஎம்542 கையேடு சொல்வது: திசை சிக்னல் பல்ஸுக்குக் குறைந்தது 5 மைக்ரோவினாடி முன்பே வந்துவிட வேண்டும், பல்ஸின் அகலம் 2.5 மைக்ரோவினாடிக்குக் குறையக் கூடாது. அகலத்துக்குப் பிரச்சினை இல்லை, ஜிஆர்பிஎல்லில் $0=10. ஆனால் திசையையும் பல்ஸையும் ஜிஆர்பிஎல் ஏறக்குறைய ஒன்றாகவே மாற்றுகிறது. திசை மாறுவதற்குள் பல்ஸ் வந்துவிட்டால் அந்த ஒரு ஸ்டெப் தப்பான பக்கம் போகும்.

போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, ரத்தாகிவிடுமே என்று தோன்றும். இரண்டு திருப்பத்திலும் தவறினால் ரத்தாகும்தான். ஆனால் டிரைவருக்குள் சிக்னலை ஒளியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் எரிவதற்கும் அணைவதற்கும் ஒரே நேரம் எடுப்பதில்லை. அதனால் பெரும்பாலும் ஒரு பக்கத் திருப்பம் மட்டும் தவறும். ஒரு தவறுக்கு இரண்டு மைக்ரோஸ்டெப், 0.00625 மிமீ. கண்ணுக்கே தெரியாது. சிற்ப வேலைப்பாட்டில் ஆயிரம் முறை போய் வந்தால் 6 மிமீ தாண்டிவிடும்.

தீர்வு: ஜிஆர்பிஎல்லின் கான்ஃபிக் கோப்பில் ஸ்டெப் பல்ஸ் டிலே என்ற வரி முன்னால் // போட்டு மூடப்பட்டிருக்கும். அதைத் திறந்து 10 வைத்து மறுபடி ஏற்றுங்கள். கோட் தொட விருப்பமில்லையா? $2-இல் அந்த அச்சின் பல்ஸைத் தலைகீழாக்கிப் பாருங்கள். டிரைவர் பல்ஸின் பின்விளிம்பில் ஸ்டெப் எடுக்கத் தொடங்கினால் 10 மைக்ரோவினாடி இடைவெளி தானாகக் கிடைக்கும். வயரிங் பொது நேர்முனையா, பொது எதிர்முனையா என்பதைப் பொறுத்து எந்த நிலை சரி என்பது மாறும். இரண்டையும் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று சோதனை

முதல் சோதனை: கருவியில்லாமல் எக்ஸ் 0-இலிருந்து 1 மிமீ போய்த் திரும்புவது, 500 முறை, நிமிடத்துக்கு 1000 மிமீ. திருப்பங்கள் அதிகம், தூரமும் வேகமும் குறைவு. திசைக் கோளாறு இருந்தால் 3 மிமீ வரை நகர்ந்து நிற்கும். இல்லாவிட்டால் டயல் அசையாது.

இரண்டாவது: மேசையின் முழு நீளத்துக்கு உச்ச வேகத்தில் 20 முறை. திருப்பம் குறைவு, தூரம் அதிகம். இங்கே 0.1-இன் மடங்கு வந்தால் மோட்டார் தோற்கிறது. அப்போது $120-இல் முடுக்கத்தை 100-க்கு இறக்கி, $110-இல் வேகத்தை 500, 500 ஆக ஏற்றிக்கொண்டே போங்கள். தவறும் வேகத்தில் 70 சதவீதத்தை வையுங்கள். பிறகு முடுக்கத்தை 50, 50 ஆக ஏற்றி, தவறும் இடத்தின் பாதியில் நிறுத்துங்கள். வெட்டும்போது கருவியின் எதிர்ப்பும் சேரும் என்பதால் இந்த மிச்சம் வேண்டும்.

மூன்றாவது: ஸ்பிண்டிலை ஓட விட்டு, மரத்தைத் தொடாமல், முதல் சோதனையை மறுபடி செய்வது. ஸ்பிண்டில் நின்றால் சரி, ஓடினால் பிழை என்றால் ஸ்பிண்டிலின் வேகத்தை ஆளும் விஎஃப்டியின் மின் இரைச்சல் சிக்னல் வயரில் ஏறுகிறது. ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சிக்னல் வயர்களை அதிலிருந்து பிரித்துத் தனி வழியில் கொண்டுபோங்கள், குறுக்கிட வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காக. லிமிட் ஸ்விட்ச் காரணமில்லாமல் அலாரம் அடிப்பதும் இதே நோய்தான். ஸ்விட்ச் சிக்னலை 5 வோல்ட்டில் பிடித்து வைக்க ஊனோவின் உள்ளே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் பலவீனமானது. வெளியே 5 வோல்ட்டுக்கு 1 முதல் 4.7 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டரும், தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும் போட்டால் அடங்கும்.

கப்ளிங் விஷயத்தில் சுருக்கமாக: நீமா 23 ஷாஃப்ட் பெரும்பாலும் 6.35 மிமீ, 1605 ஸ்க்ரூவின் முனை 10 மிமீ. 6 மிமீ துளையுள்ளதை வாங்கி டிரில் போட்டு அகலப்படுத்தினால் மையம் விலகும். சுருள் வெட்டிய அலுமினியக் கப்ளிங் ஸ்பிரிங் போல முறுக்கிக்கொள்ளும். நடுவில் ரப்பர் உள்ள பல் கப்ளிங், அதிலும் பிளந்து இறுக்கும் வகை, நல்லது. பேனாவால் ஷாஃப்டிலும் கப்ளிங்கிலும் ஒரே கோடு இழுத்து வையுங்கள், வழுக்கினால் கோடு பிரிந்து காட்டும்.

இசட் அச்சுக்கு இந்தச் சோதனைகளைத் தனியாகச் செய்யுங்கள். மேலே ஏறும்போது ஸ்பிண்டிலின் எடையையும் தூக்க வேண்டியிருப்பதால் எக்ஸ், ஒய்யின் வேகம் இதற்கு ஒத்துவராது, பாதியில் தொடங்குவது சரி. பால் ஸ்க்ரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது. மின்சாரம் போனால் ஸ்பிண்டில் மெல்ல இறங்கி, சுற்றி ஓயாத கருவியை மரத்தில் பதித்துவிடும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இசட்டுக்கு பிரேக் உள்ள மோட்டாரோ, எடையைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங்கோ வேண்டும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். ஹோமிங் செய்து (லிமிட் ஸ்விட்சைத் தொட்டு மெஷின் தன் இடத்தை அறிவது), பூஜ்ஜியத்தை மறுபடி தொட்டு, பிறகு ஓட்டுங்கள்.